யாரைத் தேடி வந்தீங்க?

அஞ்செட்டி டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு டீ போடுங்கண்ணா, சர்க்கரை தூக்கலா" என்றேன். டீக்கடைக்காரர் என்னையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"யாரைத் தேடி வந்தீங்க மேடம்?"

"யாரையும் இல்லண்ணா. சும்மாதான்."

"எங்கேருந்து?"

"ஓசூர்."

"இதுலயேவா?"

ஆமாம் என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "ஏதாவது வேண்டுதலா?" இல்லை. "கவர்மெண்டு சர்வேயா?" அதுவும் இல்லை. கண்ணாடித் தம்ளரைக் கையில் கொடுக்கும்போது அவருக்கே ஒரு விடை கிடைத்தது: "கூட வந்தவங்க பின்னாடி வர்றாங்களா?"

அவர் கேள்வியில் குத்தல் இல்லை. ஒரு பெண் சித்திரை வெயிலில் சுமார் 50 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து ஒரு மலையூரில் வந்து நின்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். தெய்வம், அரசாங்கம், அல்லது ஓர் ஆள். மூன்றில் எதுவும் என்னிடம் இல்லை என்பதால் அவருக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வந்ததென்று நினைக்கிறேன். இரண்டாவது டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார்.

அன்று காலை நாலரை மணிக்கு அம்மா கேட்டதும் இதே கேள்விதான். "யார்கூடப் போற?" மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கிறார். "நான் மட்டும்தாம்மா" என்பேன். "அது தெரியுது. யார்கூடன்னு கேட்டேன்" என்பார். நான் தமிழ் இலக்கணம் நடத்துகிறவள். அம்மாவின் இலக்கணத்தில் 'தனியாக' என்பது அந்தக் கேள்விக்கு விடையாகாது; கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது என்றுதான் பொருள்.

சைக்கிள் எனக்குப் புதிதல்ல. பன்னிரண்டு வயது வரை அண்ணனின் ஹெர்குலிஸில் குரங்குப் பெடல் அடித்திருக்கிறேன். பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பை வில்லாக வளைத்து, களத்துமேட்டைச் சுற்றிச் சுற்றி வருவேன். வயசுக்கு வந்த பிறகு சைக்கிளைத் தொடக் கூடாது என்றார் பாட்டி. "படக் கூடாத எடத்துல பட்டுட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது?" அந்த இடம் எது, பதிலை யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் விளங்க எனக்கு ஏழெட்டு வருடம் ஆனது. கன்னிமையை ஒரு சவ்வில் வைத்து, அந்தச் சவ்வைச் சைக்கிள் சீட்டிலிருந்து காப்பாற்றும் வேலையைப் பாட்டிகளிடம் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பாட்டிகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1890களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஏறியபோது, படித்த மருத்துவர்களே 'சைக்கிள் முகம்' என்றொரு நோயைப் பற்றி எழுதினார்கள். கண் பிதுங்குமாம், தாடை இறுகுமாம். குறிப்பாகப் பெண்களுக்கு.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அதே ஹெர்குலிஸின் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனேன். அதே சைக்கிள், அதே பாதை. மிதிப்பது மட்டும் நானில்லை.

நான் சைக்கிளை விட்ட அதே 1991, 92இல்தான் புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதைப் பிடிவாதமாக முன்னெடுத்தார். குவாரியில் கல் உடைக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் போனார்கள். இதை எழுதிய பி. சாய்நாத் ஒரு தகவல் தருகிறார். எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனதால் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பிறகு அதுவே நல்லது என்றார்கள். பார் இருந்தால் அதில் குழந்தையை உட்காரவைக்கலாம். எங்கள் வீட்டில் எந்தக் கம்பி எனக்குத் தடையாகச் சொல்லப்பட்டதோ, அந்தக் கம்பியில் அங்கே ஒரு குழந்தை ஊர் பார்த்துக்கொண்டு போனது. இந்தச் செய்தி போச்சம்பள்ளிப் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. எம்.ஏ. படிக்கும்போதுதான் எனக்கே தெரியும்.

இப்போதிருக்கும் சைக்கிள், கனடாவுக்குப் படிக்கப் போன மாணவர் ஒருவர் ஒன்பதாயிரத்துக்குத் தந்துவிட்டுப் போனது. மலைச் சைக்கிள். தடித்த டயர், முன்பக்கம் ஷாக் அப்சார்பர், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. நாற்பத்து மூன்று வயதில் முதல் நாள் ஏறியபோது கால் தானாகப் பாருக்கு அடியில் போகப் பார்த்தது.

ஐந்தேகாலுக்குப் புறப்பட்டேன். மத்திகிரி தாண்டும்போது விடியவில்லை. கம்பெனிக் காலத்தில் படைக்குக் குதிரை வளர்த்த இடம் அது. இப்போது கால்நடைப் பண்ணை. தேன்கனிக்கோட்டைச் சாலையில் எதிரே ஒளியடித்துக்கொண்டு வந்தவை முழுக்க ஆலைப் பேருந்துகள். எண்ணிப் பார்த்தேன், பதினேழுக்குப் பிறகு விட்டுவிட்டேன். ஒவ்வொரு சன்னலிலும் ஒரு பெண் தலை, பெரும்பாலும் தூக்கத்தில்.

என் மாவட்டத்தைப் பற்றி இதைச் சொல்லியாக வேண்டும். ஊர் முழுக்கச் சக்கரம் செய்கிற ஊர் எங்களுடையது. 1980இலிருந்து டிவிஎஸ் 50 இங்கிருந்துதான் போனது; பெண்களுக்கென்றே விளம்பரம் செய்யப்பட்ட ஸ்கூட்டியும் அந்த நிறுவனத்துடையதுதான். அசோக் லேலண்ட் லாரி இங்கே. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா மின் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், பத்தாயிரம் பேருக்கு வேலை என்று 2021இல் அறிவித்தார்கள். கெலமங்கலம் அருகே ஐபோன் பாகம் செய்யும் டாடா ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்தெல்லாம் இளம்பெண்கள் வந்தார்கள். இந்தச் சாலைகளில் தினமும் நகரும் பெண்களின் எண்ணிக்கை என் பாட்டிக்குக் கற்பனையிலும் வந்திருக்காது. அந்தச் சம்பளம் அவர்கள் வீட்டில் என்னவெல்லாம் மாற்றியிருக்கிறது என்பதை என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளைப் பார்த்தே சொல்வேன். ஆனால் ஏற்றப்படுகிறார்கள், எண்ணப்படுகிறார்கள், இறக்கப்படுகிறார்கள். வாரவிடுமுறையில் எங்கே போவீர்கள் என்று விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பழைய மாணவியைக் கேட்டேன். "ஊருக்கு மிஸ்" என்றார். ஊருக்குப் போகாத வாரம்? "தூங்குவோம்." அந்த வயதில் எனக்கும் வேறு பதில் இருந்திருக்காது.

தேன்கனிக்கோட்டை பேருந்து நிலையத்தில் இட்லி. கழிப்பறைக்கு ஐந்து ரூபாய். சைக்கிள் பயணம் எழுதுகிற ஆண்கள் இதையெல்லாம் எழுதுவதில்லை. அவர்களுக்கு மரம் இருக்கிறது. எனக்கு இந்தப் பயணத்தின் வரைபடமே இடைவெளிகளால் ஆனது: எந்த ஊரில் தாழ்ப்பாள் இருக்கிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் சாலை தெரியாது. தண்ணீர் குறைத்துக் குடித்தால் சமாளிக்கலாம். வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் மயக்கம் வரும். பெண் உடம்பின் கணக்கு இப்படி இருபுறமும் இழுக்கும்.

ஊரைத் தாண்டியதும் காடு. நொகனூர், மரகட்டா என்று பெயர் சொல்லும் காப்புக்காடுகள் இந்தப் பக்கம்தான். அப்படியே தெற்கே போனால் காவிரி வரை மேலகிரி மலை. 2014இல் இதில் பெரும்பகுதியைக் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். காட்டுக்குள் பிரியும் மண்தடங்களில் அனுமதியின்றி நுழையக் கூடாது. சாலை பொதுச்சாலை. வனக்காவலர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். அவரும் கேட்டார், யார்கூட என்று. பிறகு உருப்படியான ஒன்றைச் சொன்னார்: "மேடம், வண்டின்னா சத்தம் கேட்டு யானை ஒதுங்கும். சைக்கிள் சத்தமே வராது. வளைவுல அதுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பெல் அடிச்சிட்டே போங்க." ஐப்பசி, கார்த்திகையில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ராகிக்கு வரும் கூட்டம் மாசிக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். எல்லாம் திரும்புவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல மணி அடித்துக்கொண்டு போனேன். வாழ்க்கையில் முதன்முறையாக, 'சத்தம் போட்டுக்கொண்டு போ' என்று ஒரு ஆண் எனக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்.

ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அஞ்செட்டி வெகு கீழே. போகும்போது சைக்கிள் தானாக இறங்கும். பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்தது. இருபுறமும் இலை உதிர்த்த மரங்கள், உண்ணிச்செடிப் புதர், காய்ந்த மூங்கில், இடையிடையே புங்கு மட்டும் கொழுந்து விட்டு நின்றது. ஒவ்வொரு வளைவுக்கும் காற்று ஒரு படி சூடேறியது. ஓசூரின் குளிர்ச்சிக்குப் பழகிய உடம்பு, ஒரு பாத்திரத்துக்குள் இறங்குவது போலிருந்தது.

திடீரென்று கழுத்திலிருந்து தீ எழுந்து காதுக்கு ஏறியது. ஓரமாக நிறுத்தினேன். இது வெயிலா, வயசா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக மாதவிடாய் ஒழுங்கில்லை. துறைத் தலைவர் அறையில், ஏசிக்கு அடியில், இதே தீ வந்து போயிருக்கிறது. அங்கே கைக்குட்டையை எடுத்தாலே "உடம்பு சரியில்லையா மேடம்?" இங்கே சட்டையின் மேல் இரண்டு பொத்தானைக் கழற்றிவிட்டு, பாதி பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஒரு பாறைமேல் கால் நீட்டி உட்கார்ந்தேன். வெயிலில் வேர்ப்பதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. வெளியே இருக்கும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றான அந்தப் பத்து நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

இந்த வெயிலைத்தான் இருபது வருடமாக வகுப்பில் நடத்துகிறேன். குறிஞ்சியும் முல்லையும் வறண்டு தம் இயல்பு கெட்டால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. மலைக்காடு கோடையில் எப்படிப் பாலை ஆகும் என்று மாணவிகள் கேட்டால் இந்தச் சாலையைக் காட்டலாம். பாலையில் ஆண் பொருள் தேடிப் போவான். பெண் போனால் உடன்போக்கு, அதாவது ஒருவனோடு. அவள் போன பிறகு செவிலி தேடிக்கொண்டு வருவாள். எதிரே வருகிற துறவிகளிடம் என் மகளைக் கண்டீர்களா என்று கேட்பாள். ஆதிமந்தி ஆட்டனத்தியைத் தேடி ஊர் ஊராக அலைந்தாள். வெள்ளிவீதி தன் காதலனைத் தேடிப் போனதை ஔவை சொல்கிறார். ஆக, சங்கப் பாட்டில் வெயிலில் தனியாக நடக்கும் பெண் யாரையோ தேடுகிறவள். டீக்கடைக்காரர் என்னைக் கேட்டது இரண்டாயிரம் வருடத்துக் கேள்வி. அவரைக் கோபித்து என்ன பயன்?

விதிவிலக்காக எனக்குத் தெரிந்தவர் ஔவைதான். பரிசிலுக்கு வந்தார், தூது போனார், சினந்து பேசினார், கள் குடித்தார். வந்தது எங்கள் பக்கத்துக்குத்தான். அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி, 2004 வரை நாங்களும் தருமபுரி மாவட்டம்தான். அதியமானைப் பாட அவர் எடுத்த உவமை, நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒரே ஒரு சக்கரம். அவன் மகனுக்கு, உப்பு வணிகர் மேடுபள்ளத்துக்குப் பயந்து வண்டிக்கடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சு. இது அரண்மனையில் உட்கார்ந்து கிடைக்கும் உவமையா? வண்டியின் அடியைக் குனிந்து பார்த்தவர், சாலையில் கிடந்தவர் எழுதியது. உரையாசிரியர்கள் அவருடைய அரசியலை விளக்கினார்கள், நட்பை விளக்கினார்கள். அவருக்குப் பயணம் தெரியும் என்பதை எந்த உரையிலும் நான் படித்ததில்லை. என் சீட்டுக்கு அடியில் மாற்று டியூப் ஒன்று கட்டியிருக்கிறேன். அதற்குச் சேம அச்சு என்றுதான் பெயர் வைத்திருக்கிறேன்.

டீக்கடையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூர் இருக்கிறது என்றார்கள். ஊர்ப்பெயரை இங்கே எழுதவில்லை. சரளைக்கல், நடுவில் மழை அரித்த ஓடை, பிறகு வெறும் பாறை. மலைச் சைக்கிள் எதற்காகச் செய்யப்பட்டதோ அது அங்கேதான். முன்னால் சின்ன பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம். ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே ஒரு சுற்று. நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம். ஆனால் ஏறும். எனக்கு முன்னால் விறகுக்கட்டோடு ஒரு அம்மா ஏறிக்கொண்டிருந்தார், அறுபது வயதிருக்கும், செருப்பில்லை. அவரைத் தாண்ட எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது. தாண்டும்போது "நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் எனக்குத் தைரியம் சொன்னார். தினமும் இந்த மேட்டில் ஏறுகிறார். அதை யாரும் சாகசம் என்று சொல்லப்போவதில்லை; நான் ஒருமுறை ஏறியதற்குக் கட்டுரை எழுதுகிறேன்.

ஊரில் புளியமரத்தடியில் உட்கார்ந்ததும் பிள்ளைகள் சூழ்ந்தார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி மட்டும் என்னைப் பார்க்கவில்லை, கியரைப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பு, பரீட்சை நடக்கிறது.

"இது என்னத்துக்கு மிஸ், இத்தனை?"

சொன்னேன். ஒரு கியரே உள்ள சைக்கிளில் ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று. சமதரையில் நல்லது, மேட்டில் முழங்கால் உடையும். அவளுக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தது. "எங்க அக்காவுக்குப் பிளஸ் ஒன்ல சைக்கிள் குடுத்தாங்க. இங்க ஏறலை. கீழ மாமா வீட்லயே போட்டுட்டோம். மாமா பால் கேன் கட்றார்." அக்கா இப்போது ஓசூரில் கம்பெனியில், விடுதியில் இருக்கிறாள். அந்தப் பதினேழு பேருந்தில் ஒன்றில் அவள் தூங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

"ஓட்டிப் பாக்கிறியா?"

பாட்டியைப் பார்த்தாள். பாட்டி என்னைப் பார்த்தார். நான் பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் என்று சொன்னது உதவியது என்று நினைக்கிறேன். என் படிப்பு இதற்கெல்லாம் பயன்படுவதில் எனக்கு வருத்தமில்லை. கோயில் முன்னால் இருந்த மேட்டில் ஏறினாள். முதல்முறை கியரை மாற்றத் தெரியாமல் நின்றது. இரண்டாம் முறை ஏறிவிட்டாள். மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் என்ன தெரிகிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்கி வந்து கேட்டாள்: "மிஸ், இதுல பின்னாடி கேரியரே இல்லையே, யாரை உக்கார வெப்பீங்க?"

"யாரையும் இல்ல."

அதற்கு அவள் சிரித்த சிரிப்பை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முந்தைய மாதம், 2025 மார்ச்சில், இந்த மலைகளைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தியைத் தாலி கட்டியவரும் அவர் உறவினரும் வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போகும் காணொளி எல்லோர் செல்பேசிக்கும் வந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கர்நாடகத்துக்குக் கூட்டிப்போய்க் கல்யாணம் செய்தார்கள். திரும்பி வந்தவள், இனிப் போக மாட்டேன் என்றாள். அலறுகிறாள்; தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். பிறகு வழக்கு, கைது. என் வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டார்: "அந்த ரோட்டுல யாருமே தடுக்கலையா மேடம்?" ஒரு பெண் தனியாகச் சைக்கிளில் வந்தால் தடுத்து நிறுத்தி யார்கூட வந்தாய் என்று கேட்கும் ஊர்கள் இவை. கூட ஆள் இருந்தால் கேட்க ஒன்றுமில்லை போலும். தூக்கிக்கொண்டு போகிறவர்தான் கூடப் போகிறவர்.

விலையில்லா சைக்கிள் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. என் மாணவிகளில் பாதிப் பேர் அதில் ஏறித்தான் கல்லூரிப் படிக்கு வந்தார்கள். ஆனால் அது பதினொன்றாம் வகுப்பில் வருகிறது. பீகாரில் 2006இல் தொடங்கிய திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வில், அந்த வயதில் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியதாகத் தெரிந்தது. பள்ளி தொலைவாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஏழிலும் எட்டிலும் படிப்பை நிறுத்துகிற மலையூரில் பதினொன்றாம் வகுப்புச் சைக்கிள் யாருக்குப் போய்ச் சேரும்? வந்து சேர்ந்த ஒன்றும் மேடு ஏறாமல் பால் கேன் சுமக்கிறது. மலைக்கென்று ஐந்து கியர் கூடுதலாக வைத்துத் தரக் கூடாதா என்று ஒரு அதிகாரியிடம் கேட்டேன். சிரித்தார். சக்கரம் செய்கிற மாவட்டத்தில் இது பெரிய தொழில்நுட்பமா?

திரும்பும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. அதுதான் தவறு. காட்டுமேட்டில் நிழலே இல்லை. தார் இளகி டயரில் ஒட்டியது. கடைசிக் கியரிலும் கால் நின்றுபோய், இறங்கித் தள்ளத் தொடங்கினேன்.

அப்போதுதான் பைக்கில் இரண்டு பையன்கள். தாண்டிப் போனார்கள், வேகம் குறைத்தார்கள், நான் அருகே வந்ததும் கூடவே மெதுவாக வந்தார்கள். பின்னால் இருந்தவன் செல்பேசியில் படம் எடுத்தான். "ஆன்ட்டி, சூப்பர் ஆன்ட்டி, ஒரு ஹாய் சொல்லுங்க." என் மாணவர் வயது. ஒருவேளை விளையாட்டாகவே இருக்கலாம். ஆனால் காலையிலிருந்து யானைக்கு நான் வைத்திருந்த பயம் முழுவதும் ஒரு நொடியில் இடம் மாறிக்கொண்டது. நின்றேன். சைக்கிளை எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, வகுப்புக் குரலில், "எந்தக் காலேஜ்? பேர் என்ன?" என்றேன். போய்விட்டார்கள். அடுத்த இரண்டு வளைவிலும் அவர்கள் நிற்கிறார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நிற்கவில்லை. அந்தக் குரல் இல்லாத பெண் என்ன செய்வாள் என்று கேட்காதீர்கள், எனக்குப் பதில் தெரியாது.

ஒரு மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. வேர்ப்பது நின்று தோல் காய்ந்தது, தலைவலி. இது நல்ல அறிகுறியல்ல என்று படித்திருக்கிறேன். அரசுப் பேருந்து ஒன்று நின்றது. சைக்கிளை மேலே போட வசதியில்லை என்றார் நடத்துநர். அடுத்து வந்த தக்காளி வண்டிக்கு நானே கை நீட்டினேன். இதை மறைத்துவிட்டு எழுதியிருக்கலாம். நூறு கிலோமீட்டரும் மிதித்தேன் என்று முடித்தால் கட்டுரை நிமிர்ந்து நிற்கும். ஆனால் மேட்டின் கடைசி ஆறேழு கிலோமீட்டரை நான் காலிக் கூடைகளோடுதான் கடந்தேன்.

ஓட்டுநரின் மனைவி முன்னால் இருந்து இறங்கி வந்து, தண்ணீர் கேனைச் சாய்த்து என் தலையிலும் கழுத்திலும் ஊற்றினார். பிறகு அவரும் பின்னாலேயே ஏறி, கூடையைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும். கேட்பார் என்று காத்திருந்தேன். வண்டி இரண்டு வளைவு ஏறும்வரை ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிள் உருளாமல் ஒரு காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, அதன் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"எறக்கத்துல வரும்போது நல்லா இருந்துச்சுங்களா?" என்றார்.

அன்று முழுக்க யாரும் கேட்காத கேள்வி அது. "ரொம்ப" என்றேன்.

"காத்து?"

"முகத்துல அப்படியே அடிக்கும்."

அவர் தலையாட்டினார். தேன்கனிக்கோட்டையில் என்னை இறக்கிவிட்டபோது டீசலுக்குப் பணம் வாங்கவில்லை. நாலு தக்காளியைப் பையில் போட்டார். நாலு மணிவரை பேருந்து நிலைய நிழலில் கிடந்துவிட்டு, மிச்சம் இருபத்தைந்து கிலோமீட்டரை மிதித்து வீட்டுக்கு வந்தேன். வழியில் ஷிப்ட் முடிந்த பேருந்துகள் எதிரே திரும்பிக்கொண்டிருந்தன.